பண்ணையைப் பிடித்தால் பாட்டன் கிடைப்பார்

நம் ஊரில் மனை வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது தாய்ப்பத்திரத்தை. இன்றைய கிரயப் பத்திரம், அதற்கு முந்தையது, அதற்கும் முந்தையது என்று பின்னால் போய், நிலம் முதன்முதலில் யார் கைக்கு எப்படி வந்தது என்று பார்த்த பிறகுதான் முன்பணம். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் குடியேறிய டச்சு மூதாதையைத் தேடுவதும் இதே வேலைதான். வக்கீல் குமாஸ்தா 30 ஆண்டு வில்லங்கத்தோடு நிறுத்திக்கொள்வார். இங்கே 300 ஆண்டு போக வேண்டும்.

தேட வருகிறவர்களில் பெரும்பாலோர் கையில் ஒரு பெயரை வைத்துக்கொண்டு வருகிறார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது. டச்சு வழக்கப்படி மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், இரண்டாவது மகனுக்கு அம்மாவின் அப்பா பெயர். மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா, அடுத்தவளுக்கு அப்பாவின் அம்மா. பெயரிலிருந்தே ‘பேரன்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்ட நமக்கு இது புதிதல்ல. விளைவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: யான் என்பவருக்கு நான்கு மகன்கள் என்றால், நான்கு பேரும் தங்கள் மூத்த பையனுக்கு யான் என்றே வைப்பார்கள். ஒரே குடும்பப் பெயர், ஒரே வட்டாரம், ஏறக்குறைய ஒரே வயது, நான்கு யான்கள். ஞானஸ்நானப் பதிவேட்டை மட்டும் வைத்துக்கொண்டு இவர்களைப் பிரிக்க முயல்வது வீண் வேலை.

குடும்பப் பெயரும் நிலையாக நிற்காது. எழுத்தர் காதில் விழுந்ததை எழுதினார். கேப்புக்கு வந்த ஹியூகனோக்களில், அதாவது பிரெஞ்சு புராட்டஸ்டண்டுகளில், வில்லியோன் என்ற பெயர் ஃபில்யூன் ஆயிற்று. ல கிளேர் என்பது ட கிளெர்க் ஆயிற்று. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் வந்த ஜெர்மானியர் யோஹான் ஹைன்ரிஷ், கேப் ஏடுகளில் யான் ஹென்ட்ரிக். ‘டச்சு’ மூதாதை என்று தேடத் தொடங்கி, கடைசியில் ஹாம்பர்க் பக்கத்துச் சிப்பாய் ஒருவரிடம் போய் நிற்பது இந்த வேலையில் அன்றாடம் நடப்பது.

நிலம் இப்படிப் பெயர் மாறித் திரியாது. மாறினாலும் மாற்றத்தை எழுதிவைத்தால்தான் விற்க முடியும். அதனால் பெயரைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, குடும்பம் எந்தப் பண்ணையில் இருந்தது என்பதைப் பிடியுங்கள். குடும்ப பைபிளின் முன்பக்கம், கல்லறைக் கல், 1834 முதல் இறந்தவர் சொத்துக் கோப்போடு சேர்த்து வைக்கப்படும் இறப்பு அறிவிப்பு, இந்த மூன்றில் ஒன்றில் பண்ணையின் பெயர் கிடைத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பண்ணைப் பெயர் மட்டும் போதாது. நம் பக்கம் புதூர் எத்தனை உண்டோ அத்தனை கிளிப்ஃபொன்டைன்களும் ரீட்ஃப்ளைகளும் அங்கே உண்டு. பெயரோடு வட்டாரமும் பண்ணை எண்ணும் வேண்டும். வட்டாரங்கள் உடைந்துகொண்டே வந்தன: ஸ்டெல்லன்போஷிலிருந்து 1745-இல் ஸ்வெல்லண்டாம், 1786-இல் க்ராஃப் ரைனெட், ஸ்வெல்லண்டாமிலிருந்து 1811-இல் ஜார்ஜ். ஒரே கல் வீடு நூறாண்டுக்குள் மூன்று வட்டாரங்களின் ஏட்டில் இருக்கும். ஒரு வட்டாரத்தில் பதிவு சட்டென்று நின்றுபோனால் குடும்பம் இடம்பெயர்ந்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். எல்லைதான் அவர்கள் தலைக்கு மேலே நகர்ந்திருக்கும்.

வேலையை இன்றிலிருந்து தொடங்குங்கள். தென்னாப்பிரிக்காவில் ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் 21 இடங்கள் கொண்ட ஒரு குறியீடு உண்டு. முதல் நான்கு இடம் பெருவட்டாரம் (கேப் அலுவலகத்துக்கு ‘சி’ என்ற எழுத்தில் தொடங்கும்), அடுத்த நான்கு சிறுவட்டாரம், அடுத்த எட்டு பண்ணை அல்லது மனை எண், கடைசி ஐந்து உட்பிரிவு. நம் சர்வே எண்ணும் உட்பிரிவு எண்ணும் போலத்தான். இந்தக் குறியீடு கையில் இருந்தால் சர்வேயர் ஜெனரலின் இணையதளத்தில் அளவை வரைபடங்களின் வருடிய நகல்களைப் பார்க்கலாம். வரைபடத்தின் ஓரத்தில் எந்தத் தாய்நிலத்திலிருந்து இந்தத் துண்டு வெட்டப்பட்டது என்று எழுதியிருக்கும். அதுதான் முதல் படி.

இரண்டாவது படி கேப் டவுன் பத்திரப் பதிவகம். கணினிக் குறிப்பு அண்மைக் காலத்துக்குத்தான் உதவும். பழையவற்றுக்குப் பண்ணைப் பதிவேட்டைக் கேளுங்கள். அதில் ஒவ்வொரு பண்ணைக்கும் ஒரு பக்கம். தேதி, கொடுத்தவர், வாங்கியவர், பரப்பு, பத்திர எண் எல்லாம் வரிசையாக. வில்லங்கச் சான்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு ஐந்து நிமிடத்தில் பிடிபட்டுவிடும். முதல் நாளே அந்தப் பக்கத்தை முழுதாக எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் குடும்பப் பெயர் வரும் வரிகளை மட்டும் எழுதினால், பிறகு மருமகன்களைத் தேடி மறுபடியும் வர வேண்டியிருக்கும்.

பத்திரத்தைக் கையில் எடுத்ததும் சொத்து விவரத்தின் கடைசி வாக்கியத்துக்குப் போங்கள். இந்த நிலம் முதலில் இன்ன எண்ணுள்ள பத்திரத்தாலும் அதோடு இணைந்த வரைபடத்தாலும் மாற்றப்பட்டது, இப்போது இன்ன எண்ணுள்ள பத்திரத்தின்படி உரிமையில் இருக்கிறது என்று அது சொல்லும். அங்கே இரண்டு எண்கள். முதலாவது, இந்தத் துண்டு பிறந்த நாளுக்கு ஒரே தாவாகத் தாவும். இரண்டாவது, ஒரு படி மட்டும் பின்னால் போகும். ஆசை முதல் எண்ணின் மேல்தான் போகும். எல்லையும் வடிவமும் மட்டும் வேண்டுமென்றால் தாவுங்கள். குடும்பம் வேண்டுமென்றால் ஒவ்வொரு படியாக இறங்குங்கள். நடுவில் விடுபடும் பத்திரங்களில்தான் கல்யாணங்களும் சாவுகளும் இருக்கின்றன.

நிபந்தனைப் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். வாய்க்கால் உள்ள பண்ணைகளுக்கு முறைத் தண்ணீர் உரிமை இருக்கும், எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் என்று. பாதை உரிமை இருக்கும். இவற்றைப் புதுப் பத்திரத்தில் சேர்க்கும்போது, எந்தப் பழைய பத்திரத்தில் முதலில் விதித்தார்கள் என்பதைத் தேதியோடு குறிப்பிடுவது வழக்கம். இருபதாம் நூற்றாண்டுப் பத்திரம் ஒன்று 1840-களின் பத்திரத்தைக் கைகாட்டுவது இப்படித்தான். யாரும் படிக்காத பகுதி என்பதால் யாரும் திருத்தாத பகுதியும் அதுவே.

இப்படி இறங்கிப் போகும்போது நிலவுரிமை வகை மாறும் இடத்தில் ஆட்கள் தடுக்கி விழுகிறார்கள். கேப்பில் நான்கு வகை உண்டு. முழு உரிமை நிலம் பழையது. 1652-இல் கம்பெனியின் தளபதி யான் வான் ரீபேக் வந்து இறங்கி, 1657-இல் கம்பெனிச் சேவையிலிருந்து விடுபட்ட முதல் சுதந்திரக் குடியேறிகளுக்கு லீஸ்பேக் ஆற்றங்கரையில் கொடுத்தது அது. 1679-இல் தொடங்கிய ஸ்டெல்லன்போஷிலும், 1687-இலிருந்து டிராக்கன்ஸ்டைனிலும் கொடுத்தது அதே வகை. டிராக்கன்ஸ்டைனில் ஒரு பண்ணை வழக்கமாக 60 மோர்கன் (பழைய டச்சு நில அளவு). இவற்றுக்கு ‘எர்ஃப்பிரீஃப்’ என்னும் மானியப் பத்திரம் இருக்கும், வரைபடமும் இருக்கும். 1732-இல் வந்த 15 ஆண்டு வாடகை நிலம் இரண்டாவது. அது எண்ணிக்கையில் குறைவு. மூன்றாவது இரவல் பண்ணை. நான்காவது, 1813 ஆகஸ்டில் ஆளுநர் கிராடக் கொண்டுவந்த நிரந்தரத் தீர்வை நிலம். உள்நாட்டுப் பண்ணைகளில் பெரும்பாலானவற்றின் பத்திரச் சங்கிலி இந்த நான்காவதில் போய் முட்டி நிற்கும். பதிவகத்தில் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. பலர் அங்கேயே மூட்டை கட்டிவிடுகிறார்கள். அதே குடும்பம் அதே இடத்தில் அதற்கு முன்பே இரண்டு மூன்று தலைமுறை இரவல் பண்ணையில் வாழ்ந்திருக்கக்கூடும்.

இரவல் பண்ணையைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும். நிலம் கம்பெனியுடையது. மேய்ச்சலுக்கு ஆண்டுதோறும் அனுமதி. 1714-இலிருந்து வருடத்துக்கு 12 ரிக்ஸ்டாலர் கட்டணம், 1732-இலிருந்து 24. பண்ணையின் நடுப்புள்ளியிலிருந்து எல்லாத் திசையிலும் அரைமணி நேர நடை தூரம்தான் எல்லை. பரப்பு தோராயமாக 3,000 மோர்கன். ஒரு மோர்கன் 0.8565 ஹெக்டேர், ஆகவே ஒரு பண்ணை ஏறக்குறைய 2,570 ஹெக்டேர், நம் கணக்கில் 6,300 ஏக்கருக்கு மேல். வட்டமான எல்லை, வரைபடம் கிடையாது. நடப்பவரின் கால் நீளத்துக்குத் தக்கபடி வட்டமும் நீளும்.

நிலம் சொந்தமில்லை என்பதால் விற்கவோ பிரிக்கவோ முடியாது. ஆனால் அதன்மேல் கட்டிய வீடு, தொழுவம், நட்ட மரம் சொந்தம். அதற்குப் பெயர் ‘ஓப்ஸ்டல்’. விற்றது ஓப்ஸ்டலை. வாங்கியவர் அனுமதியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டார். காகிதத்தில் கட்டடம் மட்டும், கையில் மொத்தப் பண்ணையும். எனவே நில மாற்றப் பத்திரங்களில் இதைத் தேடினால் கிடைக்காது. ரூலண்ட் தெருவில், பழைய சிறை இருந்த வளாகத்தில் உள்ள மேற்கு கேப் ஆவணக் காப்பகத்தில், ஆர்.எல்.ஆர். என்ற வரிசையில் ‘பழைய வேட்டை ஏடுகள்’ இருக்கின்றன. 1687-இல் தொடங்கி 1793 வரை போகின்றன. பெயர், இடம், தேதி, கட்டணம் என்று குறுகிய வரிகள்.

இந்த ஏடு இரண்டு விதமாக ஏமாற்றும். ஏட்டில் பெயர் இருப்பவர் அங்கே குடியிருந்தார் என்று பொருளில்லை. வசதியானவர்கள் இரண்டு மூன்று இரவல் பண்ணை வைத்துக்கொண்டு, ஒன்றில் மகனையோ கூலிக்காரரையோ குடிவைத்தார்கள். மற்றொன்று, இறந்தவர் பெயரிலேயே கட்டணம் பல ஆண்டு ஓடும். ஏட்டில் கடைசியாகப் பெயர் வந்த ஆண்டை இறந்த ஆண்டாக எழுதிய குடும்ப மரங்கள் ஏராளம். அதைவிட மோசம், இறந்த பிறகும் ‘உயிரோடு’ இருந்தவருக்கு இரண்டாம் மனைவி ஒருத்தியையும் சேர்த்து எழுதியவை.

முழு உரிமை நிலத்தின் மாற்றப் பத்திரத்தை இப்போது கொஞ்சம் அருகில் வைத்துப் பார்ப்போம். ‘டிரான்ஸ்போர்ட்’ என்பார்கள். நீதி மன்றக் குழுவின் இரண்டு உறுப்பினர்கள் முன்னால் இன்னார் தோன்றினார் என்று தொடங்கும். ஆர்வத்தில் கண் உடனே விலைக்கும் பண்ணைப் பெயருக்கும் ஓடும். ஓடவிடாதீர்கள். தோன்றியவர் என்ன தகுதியில் தோன்றினார் என்பதுதான் முக்கியம். தனக்காகவா, இறந்தவரின் உயிலை நிறைவேற்றுபவராகவா, இன்ன பெண்ணை மணந்தவர் என்ற முறையிலா? கடைசி வகை கிடைத்தால் அன்றைய கூலி கிடைத்துவிட்டது. மனைவிக்கு வந்த பங்கை மருமகன் கையாளுகிறார் என்று பொருள். மனைவியின் பிறந்த வீட்டுப் பெயர் அங்கேயே இருக்கும். டச்சுப் பதிவுகளில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதப்பட்டார்கள். இந்த வேலையில் நமக்குக் கிடைக்கும் மிகப் பெரிய உதவி அதுதான்.

அடுத்து வாங்குபவர், பிறகு நிலம், நான்கு பக்க எல்லை. எல்லைக்காரர்களின் பெயரை ஒன்றுவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு யான்களைப் பிரிக்கும் கத்தி அதுதான். ஒரு யானுக்குக் கிழக்கே இருந்தவர் இன்னொரு யானுக்குக் கிழக்கே இருக்க மாட்டார். அதன்பின், விற்பவருக்கு இந்த நிலம் எந்தத் தேதியிட்ட பத்திரத்தால் வந்தது என்று ஒரு வரி. அடுத்த கண்ணி அங்கே இருக்கிறது. கடைசியில் கையெழுத்து. எழுதத் தெரியாதவர் ஒரு குறி போட்டு, ‘இந்தக் குறியை இன்னார் தம் கையாலேயே இட்டார்’ என்று எழுத்தர் பக்கத்தில் எழுதியிருப்பார். குறிகளும் ஆளுக்கு ஆள் வேறுபடும். நகல் ஏட்டில் எல்லாருக்கும் எழுத்தரின் கையே கையெழுத்திட்டிருக்கும். ஒரே பெயருள்ள இருவரைக் கையெழுத்தால் பிரிக்க வேண்டுமானால் மூலத்தைக் கேட்டு வாங்குங்கள்.

படிப்பதில் தடுக்கும் சில இடங்கள். தேதியில் ‘8பெர்’ என்று இருந்தால் அது ஆகஸ்ட் அல்ல, அக்டோபர். ‘7பெர்’ செப்டம்பர், ‘9பெர்’ நவம்பர், ‘எக்ஸ்பெர்’ டிசம்பர். லத்தீன் எண்ணுப் பெயர்களின் மிச்சம் அது. எட்டு என்று படித்து ஆகஸ்டில் போட்டால், குழந்தை பெற்றோரின் கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்னால் பிறந்துவிடும்! ‘ஸால்’ என்ற சுருக்கம் காலமானவரைக் குறிக்கும். ‘வெட்’ என்றால் விதவை. பணத்திலும் கவனம்: ஒரு ரிக்ஸ்டாலர் 48 ஸ்டூவர். கேப் குல்டனுக்கு 16 ஸ்டூவர், ஹாலந்து குல்டனுக்கு 20. எந்தக் குல்டன் என்று பார்க்காமல் இரண்டு பண்ணைகளின் விலையை ஒப்பிட்டால் ஐந்தில் ஒரு பங்கு பிழை உறுதி. நகர மனைகளுக்கு இன்னொரு தொல்லை, தெருப் பெயர் மாற்றம். பழைய பத்திரத்தின் ஹேரன்க்ராக்ட்தான் 1850-க்குப் பின் ஆடர்லி தெரு.

விலையை நம்பாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அப்பா மகனுக்கு விற்ற விலை சந்தை விலை ஆகாது. ஒரு பண்ணை சட்டென்று மலிவாகக் கைமாறினால், வாங்கியவர் மகனா மருமகனா என்று பாருங்கள். தேதியும் அப்படியே. பேசி முடித்து, குடியேறி, பயிர் வைத்துப் பல ஆண்டு கழித்துப் பதிந்தவர்கள் உண்டு.

அடமானப் பத்திரங்களை நிறையப் பேர் ஒதுக்கிவிடுகிறார்கள். பெரிய தவறு. கடன் பத்திரத்தில் பொறுப்பேற்கும் ஜாமீன்தாரர்கள் இருப்பார்கள். அந்தக் காலத்தில் யார் யாருக்கு ஜாமீன் நிற்பார்? அண்ணன், மாமனார், மைத்துனர். உறவைத் தேடுகிறவருக்கு ஜாமீன்தாரர் பெயர்கள் ஞானஸ்நானச் சாட்சிகளுக்குச் சமம். கடன் தீர்ந்ததும் ஓரத்தில் தேதியோடு ரத்துக் குறிப்பு இருக்கும். மனைவி இறந்தபின், வயது வராத பிள்ளைகளின் தாய்வழிப் பங்குக்குத் தகப்பன் எழுதிக்கொடுத்த பிணைப் பத்திரத்துக்கு ‘கிண்டர்பெவெய்ஸ்’ என்று பெயர். அப்பன் மறுமணத்துக்குத் தயாராகிறான் என்பதற்கு அது ஏறக்குறைய அழைப்பிதழ். பிள்ளைகளின் பெயர்கள் அதில் வந்துவிடும்.

வாரிசுக் கணக்கு தெரிந்தால் பத்திரத்தின் பின்னமே பேசும். கணவன் மனைவி சொத்து பொதுச் சொத்து. ஒருவர் இறந்தால் பாதி உயிரோடிருப்பவருக்கு. மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாக, மகள்களுக்கும் சேர்த்து. ஒருவர் பண்ணையின் 1/14 பங்கை விற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதியை ஏழாகப் பிரித்தால் 1/14. எனவே பிள்ளைகள் ஏழு பேர். அதே பண்ணையில் 1/28 பங்கு ஒன்று கைமாறினால், ஏழு பேரில் ஒருவர் பெற்றோருக்கு முன்பே இறந்து, அவருடைய இரண்டு பிள்ளைகள் அந்தப் பங்கைப் பிரித்துக்கொண்டார்கள். ஞானஸ்நான ஏட்டில் ஐந்து பிள்ளைகள்தான் கிடைத்தார்கள் என்றால் இன்னும் இரண்டு பேரைத் தேட வேண்டும். உயில் இருந்தால் இந்தக் கணக்கு மாறும், அதை முதலில் பாருங்கள்.

எல்லாருக்கும் சமபங்கு என்பதால் பண்ணை அடிக்கடி ஏலத்துக்கு வரும். ஏலத்தில் எடுப்பவர் பெரும்பாலும் குடும்பத்தவர்தான். மருமகன் எடுத்தால் குடும்பப் பெயர் மாறிவிடும். விதவை மறுமணம் செய்தால் பண்ணை இரண்டாவது கணவர் பெயரில் வந்து நிற்கும். பதிவேட்டில் மூன்று தலைமுறைக்கு மூன்று குடும்பப் பெயர், உள்ளே ஒரே குடும்பம். ‘அந்நியருக்கு விற்றுவிட்டார்கள்’ என்று எழுதுவதற்கு முன் அந்த அந்நியரின் மனைவி யார் என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

சாவும் ஏலமும் எழுதப்பட்ட இடம் வேஸ்காமர், அதாவது அனாதைப் பிள்ளைகளின் சொத்தைக் காக்கும் மன்றம். கேப்பில் 1673-இலிருந்து. காப்பகத்தில் இதன் வரிசைக்கு எம்.ஓ.ஓ.சி. என்று குறி: 7-ஆம் எண்ணில் உயில்கள், 8-இல் சொத்துப் பட்டியல்கள், 10-இல் ஏலப் பட்டியல்கள், 13-இல் கணக்குத் தீர்ப்புகள். இதில் 8-க்கு ஈடு எதுவும் இல்லை. 1673 முதல் 1834 வரையிலான பட்டியல்கள் எழுத்துப்பெயர்த்து இணையத்தில் கிடைக்கின்றன. பழைய கையெழுத்தோடு மல்லுக்கட்டாமலே பண்ணைப் பெயரைத் தேடலாம். முதலில் இறந்தவர், உயிரோடிருக்கும் துணை, பிள்ளைகள் வயதோடு, மணமான மகள்களுக்கு எதிரே கணவர் பெயர். பிறகு எழுத்தர் வீட்டுக்குள் நடக்கிறார். முன்கூடம், இடப்பக்க அறை, வலப்பக்க அறை, சமையலறை, பரண், நிலவறை, பின்னர் வெளியே வந்து கொட்டகை, வண்டி, மாடு. அவர் நடந்த வரிசையிலேயே பொருள்கள் எழுதப்பட்டிருப்பதால் வீட்டின் வரைபடத்தையே போட்டுவிடலாம். இரவல் பண்ணையின் ஓப்ஸ்டலும் இங்கே வரும். அதே தேதிக்கு ஏலப் பட்டியலைத் திறந்தால் ஓப்ஸ்டலை எடுத்தவர் பெயர். அந்தப் பெயரை வேட்டை ஏட்டில் பாருங்கள். இரவல் பண்ணையின் அறுந்த சங்கிலி இப்படித்தான் மூன்று ஏடுகளுக்கு நடுவே ஒட்டும்.

பட்டியலே இல்லையென்றால்? உயிலில் வேஸ்காமரை விலக்கி வைக்கும் வாசகம் எழுதுவது வசதியுள்ளவர்களிடம் சாதாரணம். மன்றம் மூக்கை நுழைக்காது, பட்டியலும் அதன் ஏட்டில் சேராது. உயிலைப் படித்து அந்த வாசகம் இருந்தால், இல்லாத பட்டியலைத் தேடி மூன்று நாள் வீணாக்க வேண்டாம்.

ஓப்காஃப் என்னும் ஆண்டு வரிப் பட்டியல்கள் ஜே வரிசையில் இருக்கின்றன. குடும்பத் தலைவர், மனைவி, மகன், மகள் எண்ணிக்கை, அடிமைகள், மாடு, ஆடு, திராட்சைக் கொடி, விதைத்த கோதுமை, அறுத்த கோதுமை. வரிக்காகச் சொன்ன கணக்கு என்பதால் ஆட்டையும் கோதுமையையும் நம்பாதீர்கள். ஆனால் ‘மனைவி’ கட்டத்தில் ஒன்று இருந்தது எந்த ஆண்டில் காலியானது என்பது நம்பத்தக்கது. மனைவியைக் குறைத்துச் சொல்லி யாருக்கும் வரி குறையவில்லை.

மூதாதை கப்பலிலிருந்து இறங்கியவர் என்ற இடத்துக்கு வந்தபின், கடைசி ஏடு நெதர்லாந்தின் ஹேக் நகரில் தேசியக் காப்பகத்தில் உள்ள கம்பெனிக் கப்பல் சம்பளப் புத்தகங்கள். 1699 முதல் 1794 வரை சேவைக்கு வந்தவர்களின் குறிப்புகளை இணையத்தில் தேடலாம்: பெயர், சொந்த ஊர், கப்பல், பதவி, சேவை எங்கே எப்படி முடிந்தது. சேவை முடிந்த இடம் கேப் என்று வடிகட்டினால் பட்டியல் சுருங்கும். மாதச் சம்பளத்தில் ஆண்டுக்கு மூன்று மாதத் தொகையை ஊரிலுள்ள மனைவிக்கோ பெற்றோருக்கோ எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. அந்தக் குறிப்பு இருந்தால் ஐரோப்பாவில் அடுத்து எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரிந்துவிடும். 1699-க்கு முன் வந்தவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்களுக்கு கேப் பத்திரங்களே முதலும் முடிவும்.

ஆள் இவர்தான் என்று எப்போது உறுதி செய்வது? பெயர் தவிர மூன்று பொருத்தம் வேண்டும்: மனைவி, எல்லைக்காரர், ஜாமீன்தாரர் அல்லது ஞானஸ்நானச் சாட்சி. இரண்டுதான் பொருந்துகிறது என்றால் பென்சிலில் எழுதிவையுங்கள். காப்பகத்துக்குள் எப்படியும் பென்சில்தான் அனுமதி.

இன்னொரு விஷயம், தமிழ் படிப்பவர் கண்ணில் பட்டே தீரும். சொத்துப் பட்டியலில் மாட்டுக்கும் வண்டிக்கும் பக்கத்தில் மனிதர்கள் இருக்கிறார்கள். அடிமைகள் விற்பனைக்கும் நிலத்தைப் போலவே பத்திரம் உண்டு. பெயர்கள் எஜமானர் வைத்தவை: ஃபெப்ருவாரி, செப்டம்பர், குபிடோ, டைட்டஸ். பின்னால் ஒட்டியிருப்பது ஊர். ‘பாலியாகட்டா’ என்றால் பழவேற்காடு. ‘டுட்டுகோரைன்’ தூத்துக்குடி. நாகப்பட்டினம் ஓரளவு அப்படியே வரும். வெறுமனே ‘வான் ட கஸ்ட்’, அதாவது கடற்கரைக்காரர் என்று இருந்தால் பெரும்பாலும் சோழமண்டலக் கரை. 1658-இல் நாகப்பட்டினத்தையும் தூத்துக்குடியையும் டச்சுக்காரர்கள் போர்த்துக்கீசியரிடமிருந்து பிடித்தார்கள். பழவேற்காட்டில் அதற்கு வெகுமுன்பே கோட்டை கட்டியிருந்தார்கள். ஒட்டுப் பெயர் சொல்வது பிறந்த ஊரை அல்ல, கப்பலேற்றிய துறைமுகத்தைத்தான். பழவேற்காடு என்று எழுதப்பட்டவர் உள்நாட்டுக் கிராமத்திலிருந்து கடற்கரைக்கு ஓட்டிவரப்பட்டவராக இருக்கலாம்.

‘டச்சு’ மூதாதையரைத் தேடுகிறவர்கள் இந்த வரிகளைத் தாண்டிப் போவது வழக்கம். தாண்டக் கூடாது, ஏனென்றால் அவர்கள் தேடும் பாட்டி பல சமயம் இங்கேதான் இருக்கிறாள். பழவேற்காட்டிலிருந்து பத்தாவியா (இன்றைய ஜகார்த்தா) போய், அங்கே தண்டனை பெற்று 1657-இல் கேப்புக்கு அனுப்பப்பட்ட க்ரோட்டெ கத்ரைன் இதற்குத் தெரிந்த உதாரணம். ஒரு சிப்பாய்க்கு அவள் பெற்ற மகன் கிறிஸ்டோஃபெல் ஸ்னைமனுக்கு 1669-இல் ஞானஸ்நானம் நடந்தது. இன்றைய ஸ்னைமன் குடும்பங்களின் கிளைகள் அவரிடமிருந்து போகின்றன.

இத்தகைய பாட்டியைப் பிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. கரையிலிருந்து வந்தவருக்குத்தான் கரையின் பெயர். அவர் பிள்ளை கேப்பில் பிறந்ததும் ‘வான் ட காப்’, கேப்காரர் ஆகிவிடும். ஒரே தலைமுறையில் பழவேற்காடு மறைந்துவிடும். 1816-இல் தொடங்கிய அடிமைப் பதிவேட்டில் வயதும் பிறப்பிடமும் தொழிலும் இருக்கும் என்றாலும், அதற்குள் பலருக்கும் இந்த ஒட்டுதான். அங்கிருந்து பின்னால் போக, எஜமானரின் அப்பாவுடைய சொத்துப் பட்டியலை எடுங்கள், அதற்கு முன் தாத்தாவுடையதை. அடிமைகள் பெயர்களுக்கு நடுவே ஒரு பெண் பெயரும், பக்கத்தில் ‘அவளுடைய பிள்ளையுடன்’ என்ற சொல்லும் பிள்ளையின் பெயரும் இருக்கிறதா பாருங்கள். கரையின் பெயர் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் எழுதியிருக்கும்.